பட்டம் விட்ட தந்தை

மே 1, வியாழன்

மழை. என் அச்சுக்கடை வாசலில் தண்ணீர். உள்ளே வருகிறவர்கள் முதலில் கால்மிதியைத் திட்டுகிறார்கள், அப்புறம் என்னை.

காலை வேலை: பேனர் இரண்டு, கல்யாணப் பத்திரிகை ஒன்று. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் எம்.எஸ்., எம்.பி.ஏ. பெண் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்., எம்.பி.ஏ., அப்புறம் இன்னொன்று, புரியவில்லை. புரூஃப் அனுப்பிய ஒரு மணி நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஃபோன். "பாய், பையன் ஆன்லைன்ல ஒரு சர்டிஃபிகேட் வாங்கியிருக்கான். அதையும் சேர்த்துடுங்க." சேர்த்தேன். இப்போது ஸ்கோர் சமம். கல்யாணத்துக்குள் பெண் வீட்டார் எதையாவது படித்துவிட வேண்டும்.

மகள் பானுவின் பிரசவத்துக்காக என் மனைவி ஜீனத் நியூ ஜெர்சியிலிருந்து ஹூஸ்டன் போய் இன்றோடு நாலு வாரம். அங்கிருந்தே லேப்டாப்பில் ஆபீஸ். மகளுக்கு அம்மா வேண்டும், ஆபீஸுக்கு ஜீனத் வேண்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டார்கள்.

ஃப்ரிட்ஜில் இருப்பவை:
தயிர்.
அரை எலுமிச்சை.
ஜீ. ஒட்டிவிட்டுப் போன சீட்டு: "பழசைச் சாப்பிடாதீங்க." சீட்டே பழசு.

மத்தியானம் தமிழ்ப் பள்ளி கலைச்செல்வி ஃபோன் (இனி க.செ., முழுப் பெயர் எழுதினால் பக்கம் போதாது).

"பாய், ஆண்டு விழாவுக்கு அஞ்சாம் நிலைப் பசங்களுக்கு ஒரு டிராமா. பத்து நிமிஷம். தீம் அமெரிக்க முன்னோடிகள்."

"யாரைப் போடலாம்?"

"நூறு டாலர் நோட்டுல இருக்காரே பெரியவர். பட்டம் விட்டு மின்னலைப் பிடிச்சாரே, அவரு. டைட்டில்கூட வெச்சுட்டேன். 'பட்டம் விட்ட தந்தை'. ஃபவுண்டிங் ஃபாதர், தந்தை. எப்படி?"

"பிரமாதம்."

"அப்புறம் பாய், அந்த ஜோக்கை இதுல வெச்சுடுங்க. பட்டம் ஜோக். எங்க வீட்ல இன்னமும் சொல்லிச் சிரிப்போம்."

எந்த ஜோக் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.


மே 3, சனி

வெயில். காரெல்லாம் மஞ்சள் மகரந்தம். தும்மல் பதினேழு வரைக்கும் எண்ணினேன். வேறு வேலை இல்லை.

கடைச் சுவரில் கேடயம் கொஞ்சம் கோணல். நிமிர்த்தினேன். "நகைச்சுவைத் தென்றல்" என்று பொறித்தது. போன வருஷப் பொங்கல் விழாவில் நான் பேசியதற்காகத் தமிழ்ச் சங்கம் பின்னால் கொடுத்த பட்டம். அதை அடித்துக் கொடுத்ததும் என் கடைதான். பட்டத்தை வழங்குபவரும் பெறுபவரும் அச்சடிப்பவரும் ஒரே வீதியில்.

அந்த நாளை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஜீ. படித்தாலும் அவளுக்குத் தெரியாதது இதில் இல்லை.

அந்தப் பொங்கலுக்குப் பதினொரு நாள் முன்னால், கடைக்குப் பின்னால் பார்க்கிங்கில், காருக்குள், ரியாஸ். என் மகன். இருபத்தொரு வயது. ரயிலில் வந்தவனை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவந்து, எஞ்சினை அணைத்திருந்தேன். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. அன்று தமிழில் சொன்னான். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்த மாதிரி.

"அத்தா, நான் காலேஜை விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"சரிடா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஹீட்டரைப் போட்டேன்.

பொங்கல் மேடையில் என் முதல் ஜோக் படுத்துவிட்டது. இரண்டாவது, பாவம், எழுந்திருக்கவே இல்லை. முன்வரிசையில் ஒருவர் வடையைப் பிரித்து உளுந்து சோதித்துக்கொண்டிருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்கு அந்த அமைதி இருக்கிறதே, தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்திருப்பது போல. கைக்கு எது அகப்படுகிறதோ அதைப் பிடித்து மேலே வருவான்.

"என் பையனை, பட்டம் வாங்கிட்டு வாடான்னு காலேஜுக்கு அனுப்பினேன். பட்டம் விட்டுட்டு வந்துட்டான்!"

ஹால் அதிர்ந்தது. வடைக்காரர் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

பனி பெய்ததால் எங்களைக் காரில் கூட்டிப்போக ரியாஸ் வந்திருந்தான். கடைசி வரிசைக்குப் பின்னால், ஜீ.யின் கோட்டும் என் கோட்டும் கையில். நான் சொல்லும் எந்தத் தமிழ் ஜோக்குக்கும் "வாட் டஸ் தட் மீன்?" என்று கேட்கிறவன். இதைக் கேட்கவில்லை.

வீடு வரை அவன்தான் ஓட்டினான். மறு வாரம் ஒரு நண்பனோடு கலிஃபோர்னியா. இப்போது சான்டா கிளாராவில் சைக்கிள் ரிப்பேர் கடையில் வேலை. இங்கே கேட்பவர்களிடம் "டூ-வீலர் இண்டஸ்ட்ரியில் இருக்கான்" என்கிறேன்.

என்னோடு பேசுவதில்லை. பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் வாழ்த்து வரும். இதுவரை மூன்று பெருநாள், மூன்று வரி.

மகனின் பட்டத்தைக் கொடுத்து நான் வாங்கிய பட்டம் சுவரில். மறுபடி கோணலாகிவிட்டது.


மே 5, திங்கள்

மேகமூட்டம். லேமினேட்டர் சூடாகவில்லை, பிறகு சூடு தணியவில்லை.

ஜீ. ஃபோன். பேரனுக்கு வரும் 25ஆம் தேதி நாற்பது நாள். ஞாயிறு. முடி இறக்கி, எல்லாருக்கும் விருந்து. அங்கே ஹில்கிராஃப்ட் தெருக் கடையில் கறிக்குச் சொல்லியாயிற்று.

"ரியாஸ் வருவானா?"

"கேட்டிருக்கேன்."

"என்ன சொன்னான்?"

"அத்தா வர்றாங்களான்னு கேட்டான்."

"வர்றாங்கன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அதுக்கு?"

"பார்க்கலாம்மான்னான்." பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "என்னங்க, நீங்க அவன்கிட்ட பேசிட்டு வாங்க. பேசாம வர்றதா இருந்தா வராதீங்க. ஆளுக்கொரு மூலையில நின்னா பானுவோட மாமனார் ஒவ்வொரு மூலைக்கும் போய் விசாரிப்பாரு."

விசாரிப்பார். சம்பந்தி ரிட்டயர்டு பேராசிரியர். கை குலுக்கும்போதே "என்ன குவாலிஃபிகேஷன்?" என்பார். நிச்சயதார்த்தத்தில் கேட்டரிங்காரனிடம் கேட்டார். அவன் எம்.டெக். அன்று முழுக்க அவனோடுதான் சாப்பிட்டார். என்னிடம் கேட்டபோது "பி.காம்., திருச்சி" என்றேன். "நல்ல படிப்பு" என்றார். சங்க மலரிலும் என் பெயருக்குப் பின்னால் பி.காம். உண்டு.

பேசிவிட்டுப் போகவேண்டும். என்ன பேசுவது? மேடையில் இரண்டு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுவேன். ஒரு ஆளிடம், ஃபோனில், ஒரு நிமிஷம்... ஃபோனை எடுத்தேன். க.செ.க்கு அடித்தேன். "நாடகத்துல எத்தனை பிள்ளைங்க?" ஒன்பது. வைத்தேன்.


மே 7, புதன்

தூறல். உப்புமா. (முப்பது வருஷமாக எல்லாரும் என்னிடம் "பாய், பிரியாணி எப்போ?" என்கிறார்கள். எனக்கு வருவது இது ஒன்றுதான். ஐந்து வாரமாக இதுவும் என்னைப் பார்த்து அலுத்துவிட்டது.)

லைப்ரரியிலிருந்து புத்தகங்கள் நாலு. நூறு டாலர்க்காரரைப் பற்றி (இனி நூ.டா.). குறித்துக்கொண்டவை:

1. நூ.டா. அச்சுக்கடைக்காரர்! என் ஜாதி. அண்ணனின் அச்சகத்திலிருந்து சொல்லாமல் ஓடிப்போனவர்.

2. பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு வருஷம். பின்னால் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டுக் கௌரவப் பட்டம் கொடுத்தன. ஊரெல்லாம் "டாக்டர்".

3. அவருக்கு ஒரு மகன். அம்மா யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. (இது நம் வீதியில் நடந்திருந்தால் அரை நாளில் கண்டுபிடித்திருப்போம்.)

4. பட்டம் விட்ட அன்று இடியிலும் மழையிலும் கூட இருந்தது அந்த மகன்தான். எல்லாப் படத்திலும் அவனைச் சின்னப் பையனாக வரைந்திருக்கிறார்கள், அரை டிராயரோடு. உண்மையில் இருபத்தொரு வயது.

நாலாவதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

அப்புறம் திறந்தேன். அந்த மகன் பிறகு இந்த நியூ ஜெர்சிக்கே கவர்னர். இங்கிலாந்து அரசர் கொடுத்த பதவி. அப்பா அரசருக்கு எதிராகப் போனார். மகன் வரவில்லை. அவ்வளவுதான் கதை.


மே 10, சனி

பள்ளி. முதல் ஒத்திகை. ஜிம்மில் எதிரொலி, ஒன்பது பிள்ளைகள் தொண்ணூறு பிள்ளைகளாகக் கேட்டார்கள்.

நூ.டா. வேஷத்துக்கு ஒரு குண்டுப் பையன். மூக்குக் கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை. மகனாக மித்ரா. பதினொரு வயது, ஆண் வேஷம் வேண்டும் என்று அடம். தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷ். எனக்குப் பழகிய வகை.

மகனுக்கு அப்போது இருபத்தொரு வயது என்றேன். பென்சிலில் மீசை வரைந்துகொண்டு வந்து நின்றாள்.

"அங்கிள், அப்புறம் என்ன ஆச்சு? ஆஃப்டர் த கைட்?"

"அப்பாவும் மகனும் சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டாங்க."

"டிட் தே மேக் அப்?"

"இல்லம்மா."

"நெவர்?"

"நெவர்."

மீசையைச் சொறிந்தாள். "தட்ஸ் ஸோ டம்ப். ஹி குட் ஹேவ் ஜஸ்ட் டெக்ஸ்டட் ஹிம்."

அந்தக் காலத்தில் டெக்ஸ்ட் இல்லை என்றேன். வாத்தியார்தனமாக. அவள் என்னைப் பார்த்த பார்வையில், இப்போது இருக்கிறதே என்று இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. தனியாகச் சாப்பிடுகிறவனுக்குக் குழந்தைகளின் முகத்தில்கூடத் தலையங்கம் தெரியும்.

ஸ்கிரிப்டைப் புரட்டிக்கொண்டு க.செ.: "பாய், ஜோக் எங்கே?"

"இதுல பொருந்தல."

"பட்டம் டிராமாவுல பட்டம் ஜோக் பொருந்தலையா? அது இல்லாம யார் சிரிப்பா?"

"பையன் கண்ணாடி விழும். அதுக்குச் சிரிப்பாங்க."

முகம் வாடிவிட்டது. சமாதானமாக, நிகழ்ச்சிநிரல் அச்சடிப்பு இலவசம் என்றேன். உடனே மலர்ந்தது.


மே 11, ஞாயிறு

வெயில், காற்று. கடை லீவு. எல்லாரும் அவரவர் அம்மாக்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போகும் நாள். ஜீ.க்கு வாழ்த்து சொன்னேன். "ரியாஸ் காலையில முதல்ல கூப்பிட்டான்" என்றாள். நான் இரண்டாவது. பானு மூன்றாவது, அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

சும்மா இருக்க முடியாமல் பெர்த் அம்பாய் போனேன். கடையிலிருந்து இருபது நிமிஷம். இத்தனை வருஷம் அந்தப் பக்கம் போவது டயர் மாற்றத்தான். அங்கே அந்த மகன், கவர்னர், வாழ்ந்த வீடு இன்னும் நிற்கிறது. செங்கல். பெரிது. வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் சுற்றிக் காட்டினார். பார்வையாளர்: நான் ஒருவன். எனக்கு மட்டும் உரக்கப் பேசினார், கூட்டத்துக்குப் பேசுவது போல. தொழில் தெரிந்தவர்.

சொன்னார்: இங்கேதான் வீரர்கள் வந்து அவரைப் பிடித்தது. வேறு ஊரில் சிறை. மனைவி நோயில் விழுந்தபோது போய்ப் பார்க்க அனுமதி இல்லை. அவள் போய்ச் சேர்ந்தாள். அப்பா அப்போது நாட்டிலேயே செல்வாக்கான மனிதர். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுதந்திரப் போர் முடிந்ததும் மகன் லண்டனிலிருந்து கடிதம் எழுதினாராம், பழையபடி இருக்கலாமா என்று. அப்பாவின் பதில்: மகன் கைவிட்டதைப் போல என்னை எதுவும் புண்படுத்தியதில்லை. பிறகு ஒரே ஒரு முறை சந்தித்தார்கள், இங்கிலாந்தில் ஒரு துறைமுகத்தில், அப்பா ஊர் திரும்புகிற வழியில். சில நாள். பேச்சு முழுக்க நிலம், பத்திரம், கையெழுத்து. அப்பா கப்பலேறினார். அப்புறம் பார்க்கவே இல்லை.

"உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?" பாட்டி கேட்டார்.

"இரண்டு."

"பக்கத்திலா?"

"டெக்சாஸ், கலிஃபோர்னியா."

"ஓ" என்றார். அமெரிக்கர்கள் அந்த ஓவில் நிறைய வைப்பார்கள்.

திரும்பும் வழியெல்லாம் யோசனை. அவர்களுக்கு ஒரு துறைமுகம், எங்களுக்கு ஹூஸ்டன். ஒரு வித்தியாசம்: அங்கே அப்பாவை மகன் விட்டான் என்றாவது அப்பா சொல்லிக்கொள்ள முடிந்தது. எனக்கு அந்த வசதியும் இல்லை.


மே 13, செவ்வாய்

மழை மறுபடி.

நிகழ்ச்சிநிரல் வேலை. க.செ. அனுப்பிய ஃபைல். ஒவ்வொரு நாடகத் தலைப்புக்கும் கீழே பிள்ளைகளே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. திருத்தக் கூடாது, பிள்ளைகளின் சொந்த முயற்சி என்று குறிப்பு வேறு.

எங்கள் நாடகம். மொழிபெயர்ப்பு: மித்ரா. "பட்டம் விட்ட தந்தை"க்குக் கீழே அவள் எழுதியதைத் தமிழில் திருப்பிச் சொன்னால்: டிகிரியைப் பாதியில் விட்ட அப்பா.

அவள் பாடப் புத்தகத்தில் பட்டம் என்றால் டிகிரி. பட்டமளிப்பு விழா என்று ஒரு பாடம் இருக்கிறது. காற்றில் பறப்பதற்கு அவளிடம் "கைட்" இருக்கும்போது தமிழ் எதற்கு? விட்டார் என்றால் டிராப்டு. சரிதானே. இலக்கணப்படி குற்றமே கிடையாது.

கவுண்டரில் தலையை வைத்துச் சிரித்தேன். ஒரு கஸ்டமர் வெளியே போய்விட்டார். ஃபோட்டோ எடுத்து ஜீ.க்கு அனுப்பினேன். கீழே: "பார்த்தியா, பிள்ளை மானத்தை வாங்கிட்டா!"

இரண்டு நிமிஷத்தில் பதில்.

"சரியாத்தானே எழுதியிருக்கா."

சிரிப்பு நின்றுவிட்டது.

பி.காம்., மூன்றாம் வருஷம், திருச்சி. இரண்டு பேப்பர் அரியர். காஸ்ட் அக்கவுண்டன்சி ஒன்று, இன்னொன்று பெயர்கூட மறந்துவிட்டது. அடுத்த தடவை எழுதலாம், அடுத்த தடவை எழுதலாம். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் கேட்டபோது வாயில் தானாக வந்தது: பி.காம். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளைக்கு யார் டிகிரி கேட்டார்கள்? விசாப் படிவம் நிரப்பிய அன்று ஜீ. "சர்டிஃபிகேட் எங்கே?" என்றாள். சொன்னேன். ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் தோசை ஊற்றினாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் அப்பாவிடம்கூட. ஒரு ஜோக்காகக்கூட. ஒரு ஜோக்குக்காரனைக் கட்டிக்கொண்டு அதுதான் பெரிய விஷயம்.

காருக்குள் அந்தப் பிள்ளை வந்து என்னிடம் சொன்னபோது, உலகத்திலேயே அதற்குப் பதில் தெரிந்த ஆள் நான். "நானும்தான்டா" என்று ஒரு வார்த்தை. ஹீட்டரைப் போட்டேன்.

கடைக் கதவில் "பத்து நிமிஷத்தில் வருகிறேன்" அட்டை. பின்னால் பார்க்கிங். அதே கார். கண்ணாடியில் மழை. வாய்ஸ் மெசேஜ்.

முதல் தடவை: தொடக்கத்திலேயே ஜோக். அழி.
இரண்டாவது: நடுவில் ஜோக். அழி.
மூன்றாவது: ஜோக் இல்லை, ஆனால் மேடைக் குரல். "அன்பு மகனே" என்றெல்லாம் வந்துவிட்டது. அழி.
நாலாவது: தும்மல்.

ஐந்தாவது அனுப்பியது. மறக்காமலிருக்க எழுதிவைக்கிறேன்:

"ரியாஸ், அத்தா பேசறேன். நானும் காலேஜை விட்டவன்தான். கடைசி வருஷம். ரெண்டு பேப்பர். திரும்ப எழுதவே இல்ல. எல்லார்கிட்டயும் பி.காம்.னு சொல்லிட்டுத் திரியறேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். அன்னைக்கு நீ சொன்னப்போ இதைச் சொல்லியிருக்கணும். சொல்லாம, உன்னோடதை எடுத்து மேடையில சொன்னேன். தப்புடா. பெரிய தப்பு. அவ்வளவுதான். ... யார்கிட்டயும் சொல்லாதே."

அட்டையில் பத்து நிமிஷம். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் இரண்டு பேர் குடையோடு.

மித்ராவின் தலைப்பைத் திருத்தாமல் இருநூறு பிரதி அடித்தேன்.


மே 15, வியாழன்

இரண்டு நீல டிக். கேட்டுவிட்டான். பதில் இல்லை.

ஜீ.: "பேசினீங்களா?"

"பேசினேன்."

"அவன்?"

"கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல. நான் சொன்னதைக் கேட்டான்."

"உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டா..." என்று வைத்துவிட்டாள்.

க.செ. நிகழ்ச்சிநிரலைப் பார்த்துவிட்டு ஃபோன். "பாய், மானம் போச்சு! டிராப்டு ஹிஸ் டிகிரின்னு போட்டிருக்கு!" பிள்ளைகளின் சொந்த முயற்சியைத் திருத்தக் கூடாது என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள் என்றேன். மேலும், நூ.டா. பள்ளிக்கூடமே இரண்டு வருஷம்தான் போனார், சரித்திரப்படி சரி என்றேன். "அப்படியா?" என்று மூச்சு வாங்கினாள். அமைதியானாள். சரித்திரத்தின் பயன் இதுதான்.


மே 17, சனி

ஆண்டு விழா. ஜிம்மில் ஏ.சி. இல்லை. பட்டுப்புடவைகள் எல்லாம் விசிறியாகிவிட்டன.

நடந்தவை: நூ.டா.வின் கண்ணாடி விழவில்லை (பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்). பட்டம் கூடைப்பந்து வளையத்தில் மாட்டியது. மித்ரா மீசையோடு நூலை இழு இழு என்று இழுத்தாள், வரவில்லை. ஸ்கிரிப்டில் இல்லாத ஒன்றை, தமிழில், என் பிள்ளைகள் பேசுகிற தமிழில் சொன்னாள்: "அப்பா, நீங்க நூலை விடாதீங்க. நான் ஏணி கொண்டு வர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. வேடிக்கையாக ஒன்றும் இல்லையே. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர் ஓரம் பார்த்தேன். யாரோ ஒருவர், இரண்டு கோட்டு இல்லை, இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு.

சாப்பாட்டு வரிசையில் காதில் விழுந்தது:

"பாய்க்கு ஃபார்ம் போச்சுப்பா."

"வீட்ல அவங்க இல்லல்ல, அதான்."

"பையன் என்ன பண்றானாம்?"

"டூ-வீலர் கம்பெனியில ஏதோ பெரிய போஸ்ட்டாம்."

சாம்பார் சாதம், இரண்டு தடவை. கட்டியும் எடுத்துக்கொண்டேன்.


மே 20, செவ்வாய்

வெயில். பதில் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஃபோனைப் பார்த்தேன் என்று ஃபோனே வாராந்திர அறிக்கை தருகிறது. மரியாதை தெரியாத கருவி.

ஜீ.: "அவன் இன்னும் டிக்கெட் போடல. நீங்க வாங்க." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பேசிட்டு வாங்கன்னுதானே சொன்னேன். பேசிட்டீங்கல்ல."

பெட்டியில்: வேட்டி ஒன்று, சட்டை மூன்று, பேரனுக்கு நானே அடித்த பெயர்ப் பலகை (பெயரை முடிவு செய்யாததால் பெயருக்கு இடம் காலி). நகைச்சுவைத் தென்றல் கேடயத்தைக் கழற்றினேன். சுவரில் அந்த இடம் மட்டும் புதுப் பெயிண்ட் மாதிரி. காலண்டரை மாட்டினேன்.


மே 24, சனி, ஹூஸ்டன்

விமானத்திலிருந்து இறங்கினால் ஈரத் துணியை முகத்தில் போட்ட மாதிரி வெக்கை. பேரன் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். நேர்மையான விமர்சகன்.

மாலை ஐந்து மணி வாக்கில் வாசலில் ஒரு டாக்சி. ரியாஸ். தோளில் பை, கையில் பெரிய அட்டைப் பெட்டி. தாடி வைத்திருக்கிறான். விரல் நகங்களில் கிரீஸ் கறுப்பு. ஜீ. ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

என்னைப் பார்த்தான். "ஹாய், அத்தா."

"ஹாய்" என்றேன். என் வாழ்க்கையில் அவனிடம் ஹாய் சொன்னது இதுதான் முதல் தடவை. வேறு எல்லா வார்த்தையும் அந்த நேரம் லீவு.

பெட்டிக்குள் பெடல் இல்லாத குட்டிச் சைக்கிள். அவனே பெயிண்ட் அடித்தது. நாற்பது நாள் குழந்தைக்கு. ராத்திரிச் சாப்பாடு வரை ஹாலில் தரையில் உட்கார்ந்து சக்கரம் பூட்டினான். நான் சோபாவில். ஒரு ஸ்பேனர் என் பக்கம் உருண்டு வந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். இவ்வளவுதான் இன்றைய சந்திப்பு. அந்தத் துறைமுகத்தில் இவ்வளவாவது நடந்ததா, தெரியவில்லை.


மே 25, ஞாயிறு, ஹூஸ்டன்

வெயில். வெக்கை. முடி இறக்கியதில் பேரன் சம்பந்தி மாதிரியே ஆகிவிட்டான்.

மத்தியானம் அபார்ட்மெண்ட் பார்ட்டி ஹால். எழுபது பேர். பிரியாணி (நான் செய்ததா என்று நாலு பேர் கேட்டார்கள்). மூலையில் ஒரு மைக், ஸ்பீக்கர். பானு அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

"சம்பந்தி, மைக் இருக்கு! ரெண்டு ஜோக் எடுத்து விடுங்களேன்."

"தொண்டை சரியில்ல, சம்பந்தி."

ஏமாற்றத்தோடு பக்கத்தில் திரும்பினார். அங்கே ரியாஸ், எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி. எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, என்ன குவாலிஃபிகேஷன்? என்ன படிச்சிருக்கீங்க?"

ஜீ.யின் கையில் தயிர்ப்பச்சடிக் கரண்டி அப்படியே நின்றது. பானு குழந்தையை மாற்றித் தோளில் போட்டாள். நான் எதையாவது சொல்லி எழுந்திருக்கலாமா என்று பார்த்தேன். வாயில் சோறு.

ரியாஸ் எலும்பைத் தட்டில் வைத்தான். விரலைத் துடைத்தான். தமிழில் சொன்னான், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து:

"அத்தா அளவுக்கு, அங்கிள்."

"ஓ, பி.காமா! நல்ல படிப்பு, நல்ல படிப்பு."

அப்போது என்னைப் பார்த்தான். வாயின் ஒரு ஓரம் மட்டும். எனக்குப் புரையேறிவிட்டது. இருமல், சிரிப்பு, கண்ணில் தண்ணீர், எது எதில் முடிந்தது என்று தெரியவில்லை. ஜீ. வந்து தலையில் தட்டினாள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். ரியாஸ் குனிந்துகொண்டு தோள் குலுங்கக் குலுங்க.

சம்பந்தி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன ஜோக்? என்ன தம்பி, எங்களுக்கும் சொல்லுங்களேன்."

ரியாஸ் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது, அங்கிள்."